ஊடகக் கல்வியும் நீதிக் கல்வியும் இணையட்டும்

மதுரை மாநகரில் கோவலன் கொலையுண்டது எதனால்? பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல் அரசனின் செவியை எட்டியது. அச்சொல் மெய்யா பொய்யா என்று ஆராய அரசன் நின்றானில்லை. பின்னர் அரசவையில் வந்து நின்ற கண்ணகி கண்ணீரோடு சான்றையும் கொண்டு வந்தாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல்கள், தன் சிலம்பில் மாணிக்கப் பரல்கள் என்ற வேறுபாட்டைச் சிலம்பை உடைத்துக் காட்டி நிறுவினாள். சொல் விரைந்து சென்றது. சான்று பிந்தி வந்தது. இடையில் ஓர் உயிர் போய்விட்டது.

இந்நிகழ்ச்சியைத் தமிழ்த்துறை மாணவர்கள் பல்லாண்டுகளாகப் பாடமாகப் படித்து வருகின்றனர். அவர்கள் ஒவ்வொருவரின் கையிலும் இன்று ஒரு கைப்பேசி இருக்கிறது. பொற்கொல்லனின் சொல் ஒரே ஓர் அரசனின் செவிக்குத்தான் சென்றது. இன்று ஒருவர் அனுப்பும் செய்தியோ ஒரு நாழிகைக்குள் இலட்சம் பேரின் செவிக்குச் செல்கிறது. அவர்களுள் ஒவ்வொருவரும் தம்மை அரசனாக எண்ணித் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். இந்நிலையில் நம் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்று சிந்திப்பது நம் கடமையாகிறது. டிஜிட்டல் ஊடகக் கல்வியையும் குற்றவியல் நீதிக் கல்வியையும் இணைத்துக் கற்கும் இரட்டைப் பட்டப் படிப்பைப் பற்றி நாம் இங்கே எழுதப் புகுந்தது இதனாலேயே.

இரட்டைப் பட்டம் என்பது யாது?

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இரட்டைப் பட்டம் நெடுநாளாகவே பழகிப்போன ஒன்று. தனித்தனியே மும்மூன்று ஆண்டுகள் பயில வேண்டிய இரு பட்டங்களை இணைத்து, பொதுவான பாடங்களை ஒருமுறை மட்டும் படித்து, பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் முடித்துவிடுகின்றனர். ஊடகப் படிப்போடு குற்றவியலையோ சட்டத்தையோ இணைத்துப் பயில்வோர் அங்கே உண்டு. நம் நாட்டில் ஒரே காலத்தில் இரு பட்டங்களைப் பயில நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள் அவ்வழியைத் திறந்தன. வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாவிடில் இரு படிப்புகளையும் நேரிலேயே கற்கலாம். ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியாகவோ இணையவழியாகவோ கற்பதற்கும் இடமுண்டு.

தமிழகத்தில் இதற்கான கூறுகள் தனித்தனியே ஏற்கெனவே இருக்கின்றன. காட்சித் தொடர்பியல் பல கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை உண்டு. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதித் துறை இயங்குகிறது. கணினிவழிக் குற்றங்களை ஆராயும் துறைக்கு ‘சைபர் கிரிமினாலஜி’ என்று பெயர் சூட்டி, 2007ஆம் ஆண்டில் அதற்கென ஓர் ஆய்விதழையும் தொடங்கிய கே. ஜெய்சங்கர் அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவரே. இத்துறையின் ஒரு வேர் தாமிரபரணிக் கரையில் இருப்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நீதி அறியாத ஊடகம்

ஊடகம் பயிலும் மாணவன் படமெடுக்கவும், ஒலிப்பதிவு செய்யவும், வெட்டி ஒட்டித் தொகுக்கவும், தலைப்பிடவும் கற்கிறான். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரையில் நிரபராதியே என்ற அடிப்படையை அவனுக்கு யார் கற்பிப்பது? பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. வழக்கில் சிக்கிய சிறுவரின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது. இவற்றை அறியாமல் கருவியைக் கையில் ஏந்துவோர் செய்தி தருவதாக எண்ணிக் கொண்டே குற்றம் இழைக்கின்றனர்.

2020 மார்ச் மாதத்தை நம் சமுதாயம் மறந்திருக்க இயலாது. பெருந்தொற்றுக் காலத்தில் தில்லி நிஜாமுத்தீனில் கூடியிருந்த தப்லீக் ஜமாஅத்தினர் நோயைத் திட்டமிட்டுப் பரப்பியவர்கள் போலத் தொலைக்காட்சிகளிலும் சமூக வலைத்தளங்களிலும் சித்திரிக்கப்பட்டனர். காய்கறி வண்டி தள்ளிய ஏழை முஸ்லிம்கள்கூடத் தெருக்களில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டவர் 29 பேர் மீதிருந்த வழக்கை ரத்து செய்தது; அவர்களுக்கெதிராக ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்ததையும் கண்டித்தது. வெளிநாட்டவருக்கு இடமளித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் 70 பேர் மீதான வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில்தான் ரத்து செய்தது. பழி ஒரே நாளில் பரவியது. அதைத் துடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. பழியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைக் கேட்டனர்?

நமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் நினைவில் வைத்திருப்பது நேர்மையாகாது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயில் வழிபாட்டுக்காகச் சென்ற மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்ற ஐயத்தில் ஊரார் கூடி அவரை அடித்தே கொன்றனர். கைப்பேசிகளில் உலவிய வதந்தியே அந்த ஐயத்துக்கு எண்ணெய் வார்த்தது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. தொடர்பற்ற வேறு நிகழ்ச்சிகளின் படங்கள் அவற்றுக்குப் பயன்பட்டன. இத்தகைய செய்திகளைப் படித்த மாத்திரத்தில் பிறருக்கு அனுப்பியவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. நம் இல்லங்களிலும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளாமல் பிறரைக் குறை கூறுவதில் பயனில்லை.

ஊடகம் அறியாத நீதி

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். காவல்துறையும் வழக்குரைஞரும் நீதிமன்றமும் ஒளிப்படத்தின் இயல்பையும் ஒலிப்பதிவின் இயல்பையும் அறியாவிடில் என்ன நேரும்? 2011ஆம் ஆண்டு கேரளச் சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதி குறித்து எழுந்த வழக்கு இதற்குத் தக்க சான்று. தேர்தலில் முறைகேடான பாடல்களும் பேச்சுகளும் பரப்பப்பட்டன என்று மெய்ப்பிக்க, மனுதாரர் பி.வி. அன்வர் குறுந்தகடுகளை நீதிமன்றத்தில் அளித்தார். பதிவுகள் முதலில் வேறு கருவிகளில் எடுக்கப்பட்டு, கணினிக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து குறுந்தகடுகளில் படியெடுக்கப்பட்டவை. அவற்றோடு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லை. 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அவற்றைச் சான்றாக ஏற்க மறுத்துவிட்டது. மூலப் பதிவையே முன்வைத்திருந்தால் நிலை வேறாக இருந்திருக்கும் என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது. பதிவில் என்ன இருந்தது என்ற ஆய்வுக்கு அவ்வழக்கில் இடமே இல்லாமற் போயிற்று.

2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் மூவர் அமர்வு இந்நெறியை மீண்டும் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழில் இரு பகுதிகள் உண்டு. ஒன்றைச் சான்றை அளிப்பவரும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். அதே நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல்துறை சோதனையிட்டுப் பொருள்களைக் கைப்பற்றுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பணிக்குக் கைப்பேசியையே முன்னிறுத்துகிறது. இனி ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் ஊடக அறிவு வேண்டும். ஒவ்வொரு வழக்குரைஞருக்கும் வேண்டும்.

‘ஹேஷ்’ என்பதைத் தமிழ் மாணவர்களுக்கு எளிதாகவே விளக்கலாம். வெண்பாவில் ஓர் அசையை மாற்றிப் பாருங்கள், தளை தட்டிவிடும். கற்றவர் செவி அந்தப் பிழையை உடனே கண்டுகொள்ளும். அதுபோல ஒரு காணொளிக் கோப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறும் அடையாள எண் அது. ஷா-256 என்ற முறையில் 64 எழுத்தெண்கள் கொண்ட ஒரு தொடர் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அத்தொடர் முற்றிலும் வேறாகிவிடும். கைப்பற்றிய நாளில் குறித்த தொடரும் நீதிமன்றத்தில் கணக்கிட்ட தொடரும் ஒத்திருந்தால், இடையில் எவரும் கை வைக்கவில்லை என்று அறியலாம். ஆனால் அக்காட்சி முதலிலேயே நாடகமாக எடுக்கப்பட்டதா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்ல மனித அறிவும் விசாரணையும் வேண்டும்.

நம் முன்னோர் விட்டுச் சென்ற கலை

இந்த இரு கல்விகளின் கூட்டு நமக்கு அந்நியமானது என்று கருதுவோர் ஹதீஸ் கலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழி ஒன்றைக் கூறுபவர், அதை யாரிடமிருந்து கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடரை முழுமையாகச் சொல்ல வேண்டும். இதுவே ‘இஸ்னாத்’ எனப்படும் அறிவிப்பாளர் தொடர். தொடரில் உள்ள இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, ஒருவரையொருவர் சந்தித்திருக்க இயலுமா, நினைவாற்றலிலும் நேர்மையிலும் அவர்கள் எத்தகையோர் என்பதையெல்லாம் ஆராய அறிவிப்பாளர் வரலாற்றுக் கலை என்று தனியொரு கலையே வளர்ந்தது. ஹிஜ்ரி 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இத்தகைய ஆய்வுக்காக நகரம் நகரமாகப் பயணம் செய்தார்கள்.

இன்றைய குற்றவியல் நீதியில் சான்று கைம்மாறிய தொடர் என்று ஒன்றைக் கேட்கின்றனர். கைப்பேசியைக் கைப்பற்றியவர் யார், உறையிட்டு முத்திரை வைத்தவர் யார், ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றவர் யார், எந்த நாளில் எவர் பொறுப்பில் இருந்தது என்று ஒவ்வொரு கண்ணியையும் எழுதி வைக்கின்றனர். கண்ணி ஒன்று அறுந்தால் சான்றின் வலிமை குன்றுகிறது. அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பேரறிஞர்களின் வழிவந்தோர், கைப்பேசியில் வந்த செய்தியை யார் அனுப்பினார் என்றும் கேளாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய வீழ்ச்சி!

திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத் 18 வசனங்களே கொண்டது. தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அதன் 6ஆவது வசனம் பணிக்கிறது. பிணங்கிய இரு பிரிவாரிடையே நீதியோடு இணக்கம் செய்யுமாறு 9ஆவது வசனம் கூறுகிறது. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் 12ஆவது வசனம் விலக்குகிறது. செய்தி, நீதி, பிறர் அந்தரங்கம் ஆகிய மூன்றுக்குமான நெறியும் ஒரே அத்தியாயத்தில் அமைந்திருப்பதை நம் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படம் காத்த நீதி

இவ்விரு அறிவும் சேர்ந்தால் விளையும் நன்மைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர், காவலர் ஒருவரின் முழங்காலின்கீழ் மூச்சடங்கி இறந்தார். கைதின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டதாகவே காவல்துறையின் முதல் அறிக்கை கூறியது. வழியில் நின்ற டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் நிகழ்ச்சியைத் தன் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். அப்பதிவு இல்லையெனில் அந்த அறிக்கையே வரலாறாக நின்றிருக்கும். 2021 ஏப்ரலில் அக்காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானார். அவ்வாண்டின் புலிட்சர் பரிசுக் குழு அப்பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

2020 ஜூன் மாதத்தில் நம் சாத்தான்குளத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர்நீதிமன்றத்துக்கு அறிவித்தார். கேமரா இருந்தது, சேமிக்கும் வசதியும் இருந்தது, சான்று இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம், காவல் நிலையங்களில் ஒலியும் ஒளியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்களும், இயலாவிடில் குறைந்தது ஓராண்டேனும் காக்க வேண்டும் என ஆணையிட்டது. இந்த ஆணை நிறைவேறுகிறதா என்று கேட்டறிய, கேமராவும் சட்டமும் ஒருங்கே அறிந்த இளைஞர்கள் வேண்டும்.

பெரியோர்களின் ஐயங்கள்

‘இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்பது இயல்பே. தடய அறிவியல் ஆய்வகம், இணையவழிக் குற்றப் பிரிவு, வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு, உண்மை கண்டறியும் செய்திப்பிரிவு, நீதிமன்றச் செய்தியாளர் பணி, பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகள் எனப் பல வாயில்கள் உண்டு. ஆயினும் மிகைபடக் கூறுதல் தவறு. இவ்விரு பட்டங்கள் மட்டுமே ஒருவரை வழக்குரைஞர் ஆக்கா. அதற்குச் சட்டப் படிப்பு தனியே வேண்டும். தடயவியல் வல்லுநர் ஆவதற்கும் மேற்படிப்பும் பயிற்சியும் தேவை. இதை முதல் நாளிலேயே மாணவருக்கு எடுத்துரைப்பது கல்லூரிகளின் பொறுப்பு.

‘காவல் நிலையம், நீதிமன்றம் பக்கமே நம் பிள்ளைகள் போக வேண்டாம்’ என்று அஞ்சும் பெரியோரும் இருக்கின்றனர். அவ்வச்சத்தின் காரணத்தை நாம் அறிவோம். ஆனால் நாம் விலகி நிற்பதால் அவ்விடங்கள் நம்மை விட்டு விலகி நிற்பதில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. தண்டனை பெறாமலே சிறையில் வாடும் அவர்களுள் எச்சமயத்தவராயினும் ஏழைகளே மிகுதி. அவர்களுக்காகப் பேசக் கற்றவர்கள் வேண்டாமா?

பெண் பிள்ளைகளுக்கு இக்கல்வி பொருந்துமா என்பாருக்கு வரலாறே விடை தருகிறது. சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955ஆம் ஆண்டில் பெண்களுக்காக எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தோற்றுவித்தார்கள். 1989ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசராகப் பொறுப்பேற்ற பாத்திமா பீவி அவர்கள் பின்னர் நம் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார்கள். இணையவழி மிரட்டலுக்கும் போலிப் படங்களுக்கும் மிகுதியாக ஆளாவோர் பெண்களே. தமக்கு நேர்ந்ததை ஒரு பெண்ணிடம் கூறுவது அவர்களுக்கு எளிது. ஆகவே பெண்கள் இக்கல்வியை விரும்பிப் பயில வேண்டும் என்பதே நம் கருத்து.

தமிழ்த்துறையின் பங்கு

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று வினவலாம். பெரும் வேலை உண்டு. ஐயத்துக்குரியவர், குற்றம் சாட்டப்பட்டவர், விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி, குற்றவாளி என்பன வெவ்வேறு பொருளுடைய சொற்கள். கைதான மறுநாளே ஒருவரைக் ‘குற்றவாளி’ என்று எழுதிவிடும் தலைப்பு, நீதிமன்றம் வழங்காத தண்டனையை வழங்கிவிடுகிறது. ஒருவருடைய செயலுக்கு அவருடைய சமயத்தை அடைமொழியாக்கும் தலைப்பு, அவரைச் சார்ந்த இலட்சக்கணக்கானோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. சொல்லின் எல்லையை அறிந்தவரே நீதியின் எல்லையைக் காக்க இயலும். செய்தித் தமிழும் சட்டத் தமிழும் இணைந்த ஒரு பாடத்தை நம் தமிழ்த்துறைகள் வகுத்தளிக்க வேண்டும்.

வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தபோதும், திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951இல் எழுந்தபோதும், தோல் வணிகத்திலும் பிற வணிகத்திலும் ஈட்டிய பொருளைப் பெரியோர்கள் கல்விக்கு ஈந்தனர். அக்காலத்துக்கு எது தேவையோ அதை அவர்கள் கண்டனர். இக்காலத்துக்குத் தேவையானதைக் காண வேண்டிய பொறுப்பு நம்முடையது. முழுமையான இரட்டைப் பட்டத்தை உடனே தொடங்க இயலாத கல்லூரிகள் சான்றிதழ்ப் படிப்பாகவேனும் தொடங்கலாம். அருகருகே உள்ள இரு கல்லூரிகள் நேர அட்டவணையை ஒத்தமைத்துக் கொள்ளலாம். ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஓரிருவருக்கேனும் கல்வி உதவித்தொகை வழங்கலாம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். இரண்டு பட்டங்களைச் சுவரில் மாட்டுவதற்காக இக்கல்வியைக் கற்க வேண்டாம். பிறர் வீட்டுச் சாளரத்தில் எட்டிப் பார்க்கும் திறமைக்காகவும் கற்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்தவருக்கு எதிராகச் சான்று வந்தாலும் அதை மறைக்காதீர்கள். பிடிக்காதவருக்கு ஆதரவாகச் சான்று வந்தாலும் அதை வெளியிடத் தயங்காதீர்கள். தமக்கும் தம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு நம் வேதம் பணிக்கிறது. அந்தத் துணிவு இல்லாதவரிடம் இவ்விரு கல்வியும் சேர்ந்தால் தீமையே பெருகும்.

கண்ணகி சிலம்பை உடைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை. இனி வரும் கோவலர்களுக்கு உயிர் இருக்கும்போதே சான்று வந்து சேர வேண்டும். அதைக் கொண்டு வரும் அறிவையும் நேர்மையையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.